சூடான முனையை எவ்வளவு நம்பலாம்?

புயல் நேரத்தில் செயற்கைக்கோளிலிருந்து மைக்ரோவேவ் தரவு வந்ததும் எல்லோரும் மேகத்தைத்தான் தேடுவார்கள். நான் முதலில் பார்ப்பது கருவி வெறும் விண்வெளியைப் பார்த்தபோது பதிவான எண்ணையும், தனக்குள்ளேயே இருக்கும் சூடான கறுப்புப் பரப்பைப் பார்த்தபோது பதிவான எண்ணையும். இவை சரியில்லை என்றால் மேகத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

1998இல் நோவா-15 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளில் போன ஆம்சு-ஏ என்ற மைக்ரோவேவ் கருவிக்கு ஒரு சுற்று 8 விநாடி. பூமியில் 30 இடங்களைப் பார்த்துவிட்டு, அதன் பிரதிபலிப்பான் விண்வெளிப் பக்கம் திரும்பும், அப்புறம் சூடான பரப்பைப் பார்க்கும். விண்வெளியின் வெப்பநிலை 2.73 கெல்வின். பரப்பின் வெப்பநிலையை அதில் பதித்த பிளாட்டினம் வெப்பமானிகள் சொல்லும். இப்படி வெப்பநிலையும் பதிவான எண்ணும் தெரிந்த இந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டில்தான் பூமியிலிருந்து வந்த சிக்னல் கெல்வினாக மாறுகிறது. வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிப் போவதால் ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவு ஒரே நிலையில் நிற்காது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இந்த வேலை நடந்தாக வேண்டும்.

கோட்டின் குளிர் முனையான விண்வெளியில் பெரிய தொல்லை இல்லை. எப்போதாவது நிலா குறுக்கே வரும். அது எப்போது வரும் என்று கணக்குப் போட்டு அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிடலாம்.

சூடான முனையான கறுப்புப் பரப்புதான் ஏமாற்றும். 2003இல் ஏவப்பட்ட டிஎம்எஸ்பி எஃப்-16 என்ற அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோளின் எஸ்எஸ்எம்ஐஎஸ் என்ற மைக்ரோவேவ் கருவியில், சுற்றுப்பாதையின் சில இடங்களில் சூரிய ஒளி அந்தப் பரப்பின் மேல் விழுந்தது. மேல்தோல் சூடானது உள்ளே இருந்த வெப்பமானிகளுக்குத் தெரியவில்லை. கோட்டின் சாய்வு தவறியது, பூமி உள்ளதைவிடக் குளிராகத் தெரிந்தது. அதே கருவியின் பிரதிபலிப்பானும் தன் சூட்டைச் சிக்னலில் கலந்தது. அது இதற்கு நேர் எதிராக இழுக்கும் பிழை. இரண்டும் சேர்ந்த எண்ணிலிருந்து எது எவ்வளவு என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. வானிலை மாடல்களோ கெல்வினில் பத்தில் சில பங்கு பிழையைக்கூடத் தாங்காது.

அதனால்தான் 2014இல் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து போன, மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் கருவியான ஜிஎம்ஐ எனக்கு மிகவும் பிடித்த கருவி. சூடான பரப்பை வெயில் தொடாதபடி மறைப்பு கட்டினார்கள். குறைந்த அதிர்வெண் சேனல்களில் நாய்ஸ் டயோடுகளும் வைத்தார்கள். அவை தெரிந்த அளவு சிக்னலைக் கூட்டித் தருவதால் அந்தச் சேனல்களில் புள்ளி இரண்டு அல்ல, நான்கு. சூடான முனை சொல்வது சரியா என்று கருவியே சோதித்துக்கொள்ளலாம். ஜிபிஎம் திட்டத்தில் சேர்ந்த மற்ற செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் அளவுகளையும் இந்த ஜிஎம்ஐயோடு ஒப்பிட்டுத்தான் ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறார்கள்.