எத்தனை மீற்றர் என்று கேட்கிறா

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொழும்பு உலக வர்த்தக மையக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவது என் வேலையில் ஒன்று. சிங்களத்தில்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பிரிட்டிஷ் படையின் எச்சலன் பாசறை இருந்த இடம், அதனால்தான் எச்சலன் சதுக்கம். 1987இல் எழுந்த இலங்கை வங்கிக் கட்டடத்தின் 32 மாடிகளையும் தாண்டிய 152 மீற்றர் இரட்டைக் கோபுரம். திறந்தது 1997 ஒக்டோபர் 12.

வவுனியாப் பிள்ளை ஒருத்தி தமிழில் கேட்டாள்: "அண்ணா, திறந்து மூன்றாம் நாளே குண்டு வெடிச்சதாமே, அதை ஏன் சொல்லேல்ல?"

"அது பழைய கதை தங்கச்சி, லிப்ட் வந்திட்டுது."

பக்கத்தில் நின்ற சிங்களத் தம்பி என்ன கேட்கிறா என்றான். "எத்தனை மீற்றர் என்று கேட்கிறா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் விளங்கும்.

வரவேற்பு நாளில் பிணக்கணக்கு எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒக்டோபர் 15இல் பக்கத்து கலதாரி ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் லொறி வெடித்து, இந்தக் கோபுரங்களின் புத்தம்புதுக் கண்ணாடிகள் நொறுங்கின. அதை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் சொன்னால் அது என்ன வரலாறு? அதற்கு முந்திய வருடம், ஜனவரி 31இல், சில நிமிட நடைத் தூரத்தில் மத்திய வங்கியில் குண்டு. 91 பேர் செத்தார்கள், சுமார் 1,400 பேர் காயப்பட்டார்கள். பக்கத்துச் சிலிங்கோ இல்லக் கட்டடமும் சிதைந்தது. அவர்களும் எங்களைப் போல் காலையில் வேலைக்கு வந்தவர்கள்தானே.

எனக்கும் காரணம் இருக்கிறது. அந்த நாட்களில் அடையாள அட்டையில் தமிழ் எழுத்தைக் கண்டால் சோதனைச் சாவடியில் தனியே நிறுத்துவார்கள். இந்தக் கோட்டைப் பகுதியில் குண்டு என்று வாயைத் திறந்தாலே பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அப்புறம் யோசித்தால், அந்தத் தம்பி அப்போது பிறந்திருக்கவே மாட்டான். அவனுக்கு நான் ஏன் பயந்தேன்? அந்தப் பிள்ளைக்கும் அதே பயத்தை அல்லவா பழக்கிவிட்டேன்.

அடுத்த குழு வந்தபோது ஒக்டோபர் 15ஐச் சொன்னேன். லொறி, கண்ணாடி, எல்லாம் சொன்னேன். புலிகள் என்ற சொல் மட்டும் வரவில்லை. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. லிப்ட் வந்தது, ஏறினோம்.