பெட்டியில் என்ன வைப்பது

செப்டம்பர் 18

ராணுவப் பயிற்சிக்குக் கிளம்புகிற பையனுக்கு இரும்புப் பெட்டி வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் கேட்ட கடைகளிலெல்லாம் சக்கரம் வைத்த சூட்கேஸைத்தான் காட்டினார்கள். கடைசியில் அவர் பொள்ளாச்சி போய் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இறங்கித் திறந்தும் காட்டிவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தார். காலிப் பெட்டியைத் திறந்து காட்டுவதற்கு அவருக்குச் சிரிப்பு வந்ததாம்.

மூடியில் வெள்ளை எழுத்தில் பெயர் இருக்கவேண்டும். பெயின்டர் தமிழும் மலையாளமும் போர்டு எழுதிப் பழகியவர், இங்கிலீஷில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். டர்பன்டைன் போட்டுத் துடைத்ததில் கறுப்பும் சேர்ந்து போய்விட்டது. நான்தான் கத்தினேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. “பரவால்லம்மா, அங்க போனா நம்பர்தான் பேரு” என்றான்.

செப்டம்பர் 20

அவன் அறைச் சுவரில் இரண்டு வருடமாக ஒரு படம் ஒட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளை, தொப்பி வைத்த ஒரு பையன், மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி. யாரோ சினிமா நடிகர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்கவும் இல்லை. இன்று ஒட்டடை அடிக்கும்போது கேட்டேன்.

செகண்ட் லெஃப்டினன்ட் அருண் கேத்தர்பால். 1950 அக்டோபர் 14இல் புனேயில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. 1971 ஜூன் 13ஆம் தேதி 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையில் சேர்ந்தார், அதே வருடம் டிசம்பர் 16இல் பாகிஸ்தானோடு நடந்த போரில் இறந்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஆறு மாதமும் மூன்று நாளும்தான் உத்தியோகம். என் முதல் வேலையில் ஆறு மாதத்தில் எனக்கு வருகைப் பதிவேடுகூடச் சரியாகப் போட வந்திருக்காது.

“நம்ம பக்கத்து ஆள் யாரும் இல்லையாடா?” என்றேன். மேஜர் சரவணனைச் சொன்னான். ராமேஸ்வரத்தில் பிறந்தவர், 1 பிஹார் ரெஜிமென்ட், கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக்கில் இறந்தார், வயது 26. உடம்பு ஒரு மாதத்துக்கு மேல் அந்த மலையிலேயே கிடந்தது. திருச்சியில் அவர் பெயரில் சாலை இருக்கிறது, ஒருமுறை பஸ்ஸில் அந்த வழியாகப் போயுமிருக்கிறோமாம். எனக்கு ஞாபகமே இல்லை. அவர் படத்தை ஏன் ஒட்டவில்லை என்றால், “ஒட்டினா நீ தினமும் அழுவே” என்கிறான். புனேக்காரர் என்றால் அழமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

செப்டம்பர் 22

கொண்டுவரவேண்டிய சாமான் பட்டியல் இரண்டு பக்கம். வெள்ளைப் பனியன் இத்தனை, பூட்டு இத்தனை, ஷூ பாலீஷ், துணி மாட்டும் ஹேங்கர். ஊறுகாய் இல்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து தந்திருக்கிறார். அதையும் கொண்டுபோகக் கூடாதாம். ஓணத்துக்குத் தின்றது போதாதென்று அதை இப்போது நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம்.

ராத்திரி பேச்சோடு பேச்சாக அந்தப் பையன் கட்டிய பெட்டியைப் பற்றிச் சொன்னான். போர் வந்தபோது அருண் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். எல்லாரையும் உடனே அவரவர் படைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிற வழியில் டெல்லியில் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார், பெட்டியில் கோல்ஃப் மட்டைகளும் விருந்துக்குப் போட்டுக்கொள்ளும் நீல உடுப்பும் இருக்கின்றன. இதெல்லாம் எதற்கு என்று அப்பா கேட்கிறார். லாகூரில் கோல்ஃப் ஆடப் போகிறேன், ஜெயித்ததும் விருந்து நடக்குமே, அதற்கு உடுப்பு வேண்டாமா என்கிறார் மகன்.

சண்டைக்குப் போகிறவன் சண்டை முடிந்ததற்கு அடுத்த நாளுக்கான துணியை எடுத்துவைக்கிறான். நான் எழுந்து போய்ப் பால் பாத்திரத்தைக் கழுவினேன், அது ஏற்கெனவே கழுவினதுதான்.

செப்டம்பர் 25

அருணுடைய அம்மா அவரிடம் சொன்னதாக ஒன்றைச் சொல்கிறார்கள். தாத்தாவும் அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்கள், சிங்கம்போலச் சண்டை போடு, கோழையாகத் திரும்பி வராதே என்று.

பள்ளியில் வருடாவருடம் வீரத்தாய்ப் பாட்டு நடத்துகிறவள் நான். மனப்பாடப் பகுதி, நாலு மார்க்குக்குக் கட்டாயம் வரும் என்று அடிக்கோடு போடச் சொல்லுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் வாயில் வராது. கோழையாகவாவது வா கண்ணு என்றுதான் வரும். அந்த அம்மா பொய் சொன்னார் என்றில்லை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் என்ன செய்தார் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 27

இன்று திண்ணையில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

அத்தை பாயை விரித்துக் கடலைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். புதுக் காய், மண் இன்னும் காயவில்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். “சாமி, உன் சிநேகிதன் எப்படிச் செத்தான்?” என்று அத்தை கேட்டார். சுவரில் இருக்கும் படத்தை அத்தை சிநேகிதன் என்றுதான் சொல்லுவார், இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது என்றால் நம்பமாட்டார்.

அவன் பாயின் ஓரத்தைக் காட்டி இதுதான் பசந்தர் ஆறு என்றான். சுற்றிலும் ஷகர்கர் பகுதி, பாகிஸ்தான் மண். உரித்த தொலிகளை அள்ளித் தூவினான், அதெல்லாம் கண்ணிவெடி. 15ஆம் தேதி ராத்திரி நம் காலாட்படை ஆற்றைத் தாண்டிவிட்டது. வெடிகளை எடுக்கிற வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, ஆனால் விடிந்தால் அந்தப் பக்கம் டாங்கி வரும், நம் டாங்கி அங்கே போய்ச் சேராவிட்டால் காலாட்படை தொலைந்தது. எடுக்காத வெடிகளுக்கு நடுவிலேயே போனார்கள். சொல்லிக்கொண்டே மூன்று கடலைக்காயைத் தொலிகளுக்கு ஊடே மெதுவாக நகர்த்துகிறான், அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்.

16ஆம் தேதி காலை எட்டு மணிக்கு அவர்களுடைய பேட்டன் டாங்கிகள் வந்தன. அதற்கு ஒரு கைப்பிடி கடலைக்காயைக் கொட்டினான். அருண் இருந்தது ஏ ஸ்குவாட்ரன் என்ற டாங்கிப் பிரிவில். தாக்குதலில் மாட்டிக்கொண்டது பி ஸ்குவாட்ரன், அவர்கள் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டதும் இவர் கிளம்பிப் போனார். அவர் டாங்கிக்கு ஃபாமகுஸ்டா என்று பெயர். சைப்ரஸ் நாட்டில் ஒரு துறைமுகத்தின் பெயராம், நம் ஊர் லாரிக்கு முருகன் துணை என்று எழுதுகிற மாதிரி அவர்கள் இப்படி எழுதுகிறார்கள் போலிருக்கிறது. கடைசியில் மிஞ்சினது மூன்று டாங்கி. ஒன்று அடிபட்டது, ஒரு கடலைக்காயைத் திருப்பிப் போட்டான். இன்னொன்றின் பீரங்கி வேலை செய்யாமல் போனது, அதையும் தள்ளினான். மிச்சம் ஒன்று.

அதுவும் அடிபட்டுத் தீப்பிடித்தது. விட்டுவிட்டு வெளியே வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வருகிறது. பீரங்கி இன்னும் சுடுகிறது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த இடத்தில் எதிரி டாங்கிகள் பத்து அழிந்ததாகவும், அதில் நாலு அவர் கணக்கு என்றும் அவருக்குக் கொடுத்த பரம் வீர் சக்ரா விருதுப் பத்திரத்தில் இருக்கிறது. கடைசியாக அவர் அடித்த டாங்கி அவரிடமிருந்து 100 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது, நம் வீட்டுக் கிணற்றிலிருந்து ரோட்டுக்கு இருக்கிற தூரம். அப்புறம் விழுந்த குண்டில் அவர் போய்விட்டார். வயது 21.

“கூட இருந்த பசங்க?” என்றார் அத்தை.

அவன் கொஞ்சம் தடுமாறினான். டாங்கிக்குள் நாலு பேர். அவரோடு ஒரு சிப்பாயும் செத்தார், மற்ற இரண்டு பேர் பிழைத்துக்கொண்டார்கள் என்றான். அந்தச் சிப்பாயின் படம் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் கடைசிக் கடலைக்காயை உரிக்கப் போனான். அத்தை கையைத் தட்டிவிட்டார். “அதைத் திங்காதே சாமி, அதுல ஆள் இருக்குது.” ராத்திரி எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வேகவைத்தோம்.

செப்டம்பர் 28

அருண் இறந்த அன்றைய தினமே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மேற்கில் மறுநாள் ராத்திரி போர் நின்றது. டெல்லி வீட்டுக்குத் தந்தி வந்தது அதற்கும் பிறகுதான். போர் நின்றுவிட்டது என்று ரேடியோவில் கேட்டுவிட்டுத் தந்தி வருகிறவரை அந்த வீட்டில் எத்தனை தடவை காபி, டீ போட்டிருப்பார்கள்.

அக்டோபர் 1

கிளம்பிவிட்டான். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர், அங்கிருந்து சேரன் எக்ஸ்பிரஸ். பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சிங்கம் புலி எதுவும் சொல்லவில்லை, “டிக்கெட்டை மேல் பாக்கெட்டில் வை” என்றுதான் சொன்னேன். அவர் பிளாட்பாரத்தில் தண்ணி பாட்டில் வாங்கப் போனவர் வண்டி நகர்ந்த பிறகுதான் திரும்பி வந்தார். வேண்டுமென்றுதான் செய்தார்.

பட்டியலில் இல்லாத ஒரு சாமானைப் பெட்டிக்குள் அடியில், பனியன்களுக்குக் கீழே வைத்திருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை.

அக்டோபர் 6

போன் இல்லை. முதல் சில நாள் இருக்காது என்று முன்னாலேயே சொல்லியிருந்தான்.

அவன் விட்டுப்போன ஒரு பத்திரிகைத் துண்டில் மிச்சக் கதை இருந்தது. 2001இல் அருணுடைய அப்பா, பிரிகேடியராகி ஓய்வு பெற்றவர், அப்போது 81 வயது, தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போகிறார். லாகூரில் ஒரு பாகிஸ்தானிய பிரிகேடியர், பெயர் நாசர், தன் வீட்டில் தங்கவைத்து உபசரிக்கிறார். கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி தோட்டத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் சொல்கிறார், உங்கள் மகனைக் கொன்றது நான்தான் என்று. அந்தச் சண்டையில் எதிர்ப்பக்க டாங்கியில் இருந்தவர் அவர்.

சண்டைக் கதையை நான் ஒரு தரம் கேட்டதோடு சரி, இதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அந்த வீட்டில் சாப்பிட்ட சோறு, குடித்த டீ எல்லாம் வயிற்றில் இருக்கும்போது அதைக் கேட்பது. முப்பது வருடம் அதை வைத்துக்கொண்டிருந்து, அந்தத் தகப்பனுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வது. மகன் ஆடப்போகிறேன் என்று மட்டையை எடுத்துவைத்த லாகூர்தான் அது.

அக்டோபர் 14

காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றலாமா என்று யோசித்தேன், பிறந்த நாள். விளக்கு ஏற்றினால் அது வேறு மாதிரி ஆகிவிடும், அந்தச் சுவரில் அது வேண்டாம். கொஞ்சம் பாயசம் வைத்தேன். சேச்சிக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார், சும்மா என்றேன்.

சாயங்காலம் போன் வந்தது. குரல் கட்டியிருந்தது. மொட்டை மாதிரி முடி வெட்டிவிட்டார்களாம், சாப்பாடு நிறையப் போடுகிறார்களாம், தூக்கம்தான் இல்லை. மூன்று நிமிஷம்தான் பேசலாம் என்றான், அதில் ஒரு நிமிஷம் அத்தை “சாமி, சாமி” என்றதிலேயே போய்விட்டது.

“அம்மா, பெட்டியில சரிகை வேட்டி எதுக்கு வெச்சே?”

“தீபாவளிக்கு.”

“தீபாவளிக்கு லீவே இல்லம்மா.”

“இருக்கட்டும். எப்ப வருதோ அப்பக் கட்டிக்கோ.”

பெட்டியைச் சோதித்தபோது எல்லார் முன்னாலும் அதை எடுத்து விரித்துக் காட்டச் சொன்னார்களாம். அப்புறம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்களாம். சொல்லும்போதே சிரிக்கிறான்.

“எத்தனை சுத்துடா?”

“எண்ணலைம்மா. வேட்டி கீழ விழாமப் பாத்துக்கிட்டேன்.”