காலிக் கல்லறைக்குத் தனி டிக்கெட்: பழைய போட்டோக்களோடு லக்ஸரில் ஒரு சுற்று

முதலில் அந்த டாக்ஸிக்காரர் கதையை முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எதுவும் எழுத ஓடாது.

எகிப்தின் லக்ஸரில் நைல் நதியைப் படகில் தாண்டி மேற்குக்கரையில் கால் வைத்ததும், "ஹிந்தி? அமிதாப் பச்சன்!" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கார்ட்டர் வீடு, ராஜாக்களின் கல்லறைகள் உள்ள அரசர்களின் பள்ளத்தாக்கு, ராமேசியம் கோயில், திரும்பவும் படகுத்துறை. மொத்தம் 600 எகிப்திய பவுண்டு என்று பேசி, கைகுலுக்கித்தான் ஏறினோம். சாயங்காலம் இறங்கும்போது, 600 என்றது ஓர் ஆளுக்கு என்றார். அதுபோக வெயிட்டிங் சார்ஜ். அதுபோக அவர் வாங்கித் தராத தண்ணீர் பாட்டிலுக்குக் காசு. நான் குரலை உயர்த்த, "ஏங்க, விட்டுத் தொலைங்க" என்று மனைவி இழுக்க, 800-ல் முடிந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. போகிறவர்கள் பேரத்தை "இரண்டு பேருக்கும், காத்திருப்பு உட்பட" என்று போனில் டைப் செய்து, ஓட்டுநரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். உள்ளூர்க்காரர்கள் போகும் ஷேர் வண்டிகளும் உண்டு. அவை பள்ளத்தாக்கு வரை போகாது என்பதுதான் சிக்கல்.

கெய்ரோவிலிருந்து வந்த ராத்திரி பஸ்ஸைப் பற்றி இரண்டு வரி. ஏசியை ஐஸ் பெட்டி அளவுக்கு வைத்தார்கள். முழுச் சத்தத்தில் அரபுப் படம். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம் பார்த்து செக்போஸ்ட், பாஸ்போர்ட். போதும்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: லக்ஸருக்குப் போவதற்கு முன்னால், பண்டைய எகிப்திய ராஜா துட்டன்காமனின் கல்லறையைத் தோண்டியபோது போட்டோகிராபர் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்களைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கிரிஃபித் இன்ஸ்டிடியூட், துட்டன்காமன் கல்லறை தோண்டப்பட்டதன் குறிப்பேடு, அட்டைகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939-ல் இறந்த பிறகு அவருடைய அண்ணன் வழியோ அக்கா வழியோ, சொந்தக்காரப் பெண் ஒருவர் கைக்கு இவை வந்து, அவர் அங்கே கொடுத்தவை.

ஏன் இறக்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், துட்டன்காமன் கல்லறை இன்று கிட்டத்தட்ட காலி. பள்ளத்தாக்கின் பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். இவருக்கு மட்டும் தனி டிக்கெட், அதுவும் கிட்டத்தட்ட பொது டிக்கெட் விலைக்கே. ரொக்கம் எடுபடாது, கார்டு வேண்டும். நம் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்த மனைவி ஒரு நிமிடம் யோசித்தாள். உள்ளே போனால் ஒரு சின்ன முன்னறை, வெள்ளைச் சுவர், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த இளம் ராஜாவின் மம்மி. பக்கத்து அறையில் கல் சவப்பெட்டி, சுற்றிலும் ஓவியம். ஓவியம் உள்ளது அந்த ஓர் அறையில் மட்டும்தான். ஐந்து நிமிடத்தில் மனிதர்கள் "இவ்வளவுதானா?" என்ற முகத்தோடு படி ஏறுகிறார்கள்.

நான் அந்த முன்னறையில் நின்று பர்ட்டனின் படத்தைத் திறந்தேன். அதே சுவர், அதே மூலை. ஆனால் படத்தில் வீடு காலி செய்யும்போது சாமான்களைக் குவித்த கூடம் மாதிரி இருக்கிறது. மிருகத் தலை வைத்த மூன்று பொன் கட்டில்கள், ஒன்றின் கீழே முட்டை வடிவ வெள்ளைப் பெட்டிகள் அடுக்கடுக்காக. அவற்றுக்குள் வாத்தும் மாட்டிறைச்சியும், ராஜாவுக்கு வழிச் சாப்பாடு. இந்தப் பக்கம் கழற்றிப் போட்ட ரதச் சக்கரங்கள். நான் நின்றிருந்த இடத்துக்கு நேர் எதிரே, மூடி முத்திரையிட்ட வாசலின் இருபுறமும் இரண்டு கறுப்புக் காவலர் சிலைகள். காவல்கார அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்து, தானே போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, சுவரோடு ஒப்பிட்டுக் காட்டினார். பக்ஷீஷ், அதாவது இனாம், கேட்பாரோ என்று பயந்தேன், கேட்கவில்லை. அதனாலேயே கொடுத்தேன்.

1922 நவம்பர் 4-ல் முதல் படி தெரிந்தது. உள்ளே இருந்த 5,398 பொருட்களை வெளியே எடுத்து முடிக்கப் பத்து ஆண்டு ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் என்பதற்குப் படங்களே பதில். ஒவ்வொரு பொருளுக்கும் எண் எழுதிய சிறு அட்டை வைத்து ஒரு படம், பிறகு அளவு, கோட்டோவியம், குறிப்பு. 21-ம் எண், வண்ணம் தீட்டிய ஒரு மரப்பெட்டி. அதன் மூடியைத் திறந்து உள்ளே இருந்த செருப்புகளையும் மணி கோத்த துணிகளையும் வெளியே எடுக்க மட்டும் மூன்று வாரம். தொட்டால் உதிரும் துணி. உதிர்ந்தால் அந்த மணிகள் எந்த வரிசையில் இருந்தன என்று படம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை இதே மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. 1881-ல் தேர் எல் பஹ்ரியில் இரண்டாம் ராம்சேஸ் உட்படப் பல ராஜாக்களின் மம்மிகள் ஒரே குழியில் கிடைத்தபோது, திருட்டுப் பயத்தில் இரண்டே நாளில் எல்லாவற்றையும் வெளியே தூக்கிவிட்டார்கள். கிடந்த இடத்தில் வைத்து ஒரு படம்கூட எடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த எமில் ப்ருக்ஷ் நல்ல போட்டோகிராபர்.

பர்ட்டன் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் ஆள். கார்ட்டருக்கு இரவல். படம் எடுத்தது கண்ணாடித் தகட்டில். தகட்டைக் கழுவ இருட்டறை வேண்டுமே? பக்கத்திலேயே இருந்த இன்னொரு கல்லறையை, எண் 55, இருட்டறை ஆக்கிக்கொண்டார். விளக்கை வைத்து, தகட்டைத் திறந்து, மூடி, வெளியே வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே அங்கே ஓடி, கழுவிப் பார்த்து, சரியில்லை என்றால் திரும்ப ஓடிவந்து மறுபடி. 55 பூட்டியிருக்கிறது, வாசலை மட்டும் பார்த்தோம். நெகட்டிவ்கள் இன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் நியூயார்க்கிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

பொது டிக்கெட்டில் நான் அடித்துச் சொல்லும் கல்லறை எண் 15, இரண்டாம் சேத்தியுடையது. கடைசியில் இருப்பதால் கூட்டமே இல்லை. கார்ட்டர் குழு இதைத்தான் ஆய்வுக்கூடமாக வைத்திருந்தது. ஆர்தர் மேஸும் வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸும் பொருட்களுக்கு மெழுகு தடவிக் காப்பாற்றியது இங்கே. உள்ளே ஓர் அறைச் சுவரில், சிறுத்தை மேல் நிற்கும் ராஜா, நாணல் படகில் ஈட்டியோடு நிற்கும் ராஜா என்று சிலைகளை வரைந்திருக்கிறார்கள். அதே வகைச் சிலைகள் அசலாகவே துட்டன்காமன் கல்லறையில் கிடைத்தன. போனில் படம், எதிரே சுவர். மனைவி என்னை வெளியே கூட்டிவரப் பாடுபட்டாள்.

கார்ட்டர் வீட்டைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்குத் தனி டிக்கெட் கல்லறையைவிட இது உசத்தி. 1910-ல் கட்டியது. இதற்கு, கார்ட்டரின் தோண்டும் வேலைக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபுவின் சூளையிலிருந்து செங்கல் இங்கிலாந்திலிருந்தே கப்பலேறி வந்தது, மண்வீடு கட்டும் ஊருக்கு! பக்கத்தில் தரைக்கடியில் துட்டன்காமன் கல்லறையின் நகல். மேட்ரிட்டைச் சேர்ந்த ஃபாக்டும் ஆர்டே என்ற நிறுவனம் செய்தது, 2014-ல் திறந்தார்கள். அசலில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. சவ அறைக்குள் நுழைய கார்ட்டர் தடுப்புச் சுவரை உடைத்தபோது, ஐசிஸ் தேவி இருந்த ஓவியப் பகுதி போய்விட்டது. உடைப்பதற்கு முன் பர்ட்டன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து அதைத் திரும்ப உருவாக்கி வைத்திருக்கிறார்கள். ஆள் நெரிசல் இல்லை, பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஒரு கோபமும் உண்டு. படங்களில் கூடை சுமக்கும், பெட்டி தூக்கும் எகிப்தியத் தொழிலாளிகள் நிறைய. பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத் என்று நான்கு மேஸ்திரிகளுக்கு மட்டும் கார்ட்டர் புத்தகத்தில் நன்றி சொன்னார். செய்தியையும் படங்களையும் 1923-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு கார்னார்வன் 5,000 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விற்றார். உள்ளூர்ப் பத்திரிகைகள் தங்கள் மண்ணில் நடப்பதை லண்டன் வழியாகத் தெரிந்துகொண்டன.

மதியச் சாப்பாடு ராமேசியம் பக்கத்தில். மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்த ஆட்டுக்கறி, அடுப்புச் சூட்டோடு உப்பிய ரொட்டி, எள் விழுது, ஊறுகாய். பசியில் ரொட்டி இரண்டாம் முறை வாங்கினோம், அதற்குக் காசு போடவில்லை. இந்தப் பயணத்தின் முதல் நியாயமான பில். அந்தப் பக்கம் அப்துல் ரசூல் என்ற உள்ளூர்க் குடும்பத்தார், துட்டன்காமனின் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்து நிற்கும் சிறுவனின் பர்ட்டன் படத்தைக் காட்டி, அது தங்கள் ஹுசைன்தான் என்பார்கள். முதல் படியைக் கண்ட தண்ணீர்ப் பையன் அவர்தான் என்றும். கார்ட்டர் குறிப்பில் அந்தப் பையனுக்குப் பெயர் கிடையாது. படம் மட்டும் இருக்கிறது, தலைப்பாகையும் கனத்த பதக்கமுமாக, சிரிக்காமல் நிற்கிறான்.

பொருட்கள் எல்லாம் இப்போது கீஸா கிராண்ட் மியூசியத்தில். அந்த 21-ம் எண் பெட்டியைத் தேடி கெய்ரோ திரும்புகிறோம், இந்த முறை ரயிலில். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணமாம், அதற்கும் ஒரு புலம்பல் பதிவு வரும்.