லோயரிட்டப் போயிட்டு நெடுந்தீவுக்குப் போன கதை

கன நாளா எழுதோணும் எண்டு நினைச்சனான், மனிசி எழுதுங்கோ எண்டு சொன்னாப் பிறகுதான் துணிவு வந்தது. போன வருசம் நாங்கள் ரெண்டு பேரும் பிரியிறதெண்டே முடிவெடுத்திட்டம். 5 மாசமா ஒரே வீட்டில வேற வேற அறை. லோயரிட்டயும் போனனாங்கள், ஒரே மோட்டச்சைக்கிளில (இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது, டிவோர்ஸ் எடுக்கப் போற ஆக்கள் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டே போறது?).

லோயர் சொன்னதைக் கேட்டு ரெண்டு பேருக்கும் விசர் வந்திட்டுது. இஞ்ச இலங்கையில இன்னும் 1907ஆம் ஆண்டுச் சட்டம்தான், ரெண்டு பேருக்கும் பிடிக்கேல்லை, பிரிச்சு விடுங்கோ எண்டு கேக்கேலாது, ஆரோ ஒராள் பிழை விட்டதெண்டு கோட்டில காட்டோணும். விபசாரம், இல்லாட்டி வேணுமெண்டு கைவிட்டிட்டுப் போனது, இல்லாட்டிக் கலியாணம் கட்டேக்கையே இருந்த ஆண்மைக் குறைபாடு, இவ்வளவுதான் காரணம். "ஆர் ஆரைக் கைவிட்டதெண்டு வீட்டை போய்க் கதைச்சுப்போட்டு வாங்கோ" எண்டார். ஆரும் ஆரையும் விடேல்லை, இருக்கிறது அவவின்ர சீதன வீடு, விட்டிட்டுப் போறதெண்டால் நான்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு போகோணும்.

அண்டைக்கு இரவு வந்து கதவடியில நிண்டு சொன்னா, "பிரியிறது பிரியிறம், கலியாணம் பேசேக்க நெடுந்தீவு காட்டுறன் எண்டு சொன்னனீங்கள், 11 வருசமாச்சு, அதை ஒருக்காக் காட்டிப்போட்டுப் போங்கோ."

நெடுந்தீவு யாழ்ப்பாணத்துக்கு அங்கால கடலுக்குள்ள இருக்கிற தீவு. சரியெண்டு வெளிக்கிட்டம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, ரெண்டு பக்கமும் கடல், பஸ்ஸில ஒரு கதையும் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில போட் ஏறினா ஒரு மணித்தியாலம் கிட்ட ஓடும், எஞ்சின் சத்தத்தில கதைக்கவும் ஏலாது, அது ஒரு விதத்தில நல்லது. அண்டைக்குக் கடல் சரியான கொந்தளிப்பு, இவவுக்குச் சத்தி வந்திட்டுது, நான் ஷொப்பிங் பாக்கைப் பிடிச்சுக்கொண்டிருக்கப் பக்கத்தில இருந்த அம்மம்மா ஒராள் தேசிக்காயொண்டைத் தந்து "மணக்கக் குடு தம்பி" எண்டா. 5 மாசத்துக்குப் பிறகு அவவின்ர தலையைத் தொட்டது அப்பதான்.

அங்க ஓட்டோ பிடிச்சு எல்லாம் பாத்தம், முருகைக்கல் வேலியள், ஆள் உள்ள போய் நிக்கக்கூடிய பெருக்கமரம், பேந்து குதிரையள். ஒல்லாந்தர் காலத்துக் குதிரையளின்ர வழி வந்ததுகள் எண்டு ஓட்டோக்காரர் சொல்ல, இவ மெதுவா "வேணுமெண்டு கைவிட்டிட்டுப் போனதெண்டால் இதுதான், ஒல்லாந்தர் மேல கேஸ் போடலாம்" எண்டா. ரெண்டு பேரும் சிரிச்சிட்டம்.

சிரிச்சு அஞ்சு நிமிசத்தில சண்டை தொடங்கிட்டுது! அதைத்தான் சொல்ல வந்தனான். ரூர் போனா மனசு அமைதியாகும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், எங்களுக்கு நடந்தது அதில்லை, எங்களுக்கு வாய்விட்டுச் சண்டை பிடிக்க ஒரு இடம் கிடைச்சுது. வீட்டில குசினிச் சுவருக்கு அங்கால மாமி, ஃபோனுக்குள்ள கனடாவில இருந்து என்ர அக்கா, 11 வருசமா நாங்கள் குசுகுசுத்துத்தான் சண்டை பிடிச்சிருக்கிறம், இல்லாட்டி மற்றவையைக் கொண்டு சொல்லுவிச்சிருக்கிறம். அந்த வெட்டையில குதிரையளைத் தவிர ஆருமில்லை, ஓட்டோக்காரரும் விளங்கிக்கொண்டு தூரப் போயிட்டார். "உங்கட அக்கா எடுத்த அடுத்த நாள்தானே நீங்கள் என்னோட கொழுவுறனீங்கள், எண்ணிப் பாருங்கோ" எண்டு கத்தினா. எண்ணிப் பாத்தன், சரிதான். "நீர் மட்டும் என்னவாம், நான் தேத்தண்ணி குடிக்காட்டிலும் அது கொம்மாவுக்குத் தெரியுது" எண்டு நானும் கத்தினன். இதுக்குப் பதில் இல்லை, அழுதா. பிறகு இறங்குதுறையில பின்னேர போட்டைப் பாத்துக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் இருந்தம், அதில கதைச்சது 11 வருசத்தில கதைக்காதது.

எல்லாருக்கும் இது சரிவரும் எண்டு சொல்ல வரேல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு சோடி நுவரெலியா போய், திரும்பி வாற பஸ்ஸிலயே பிள்ளை ஆரோட எண்டு பேசி முடிச்சு ஒரு சத்தமும் இல்லாமல் பிரிஞ்சிட்டினம். அடிக்கிற மனிசனோட நெடுந்தீவுக்குப் போ எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அங்கயிருந்து ஓடி வாறதெண்டாலும் போட் வருமட்டும் காத்து நிக்கோணும். நாங்களே ரெண்டாவதாப் போன பயணம் சரிவரேல்லை, யாழ்தேவியில கொழும்புக்குப் போய் அங்கயிருந்து பதுளை ரெயின், வழி முழுக்க ரூம் காசுக்குச் சண்டை, வந்து 4 நாள் முகம் குடுக்கேல்லை.

லோயர் தந்த பேப்பர் இன்னும் அலுமாரிக்குள்ளதான் கிடக்கு, ரெண்டு பேரும் தொடுறேல்லை. இப்ப நயினாதீவுத் திருவிழாவுக்குப் போவம் எண்டு கதைச்சிருக்கிறம், மாமி தானும் வாறன் எண்டு சீலை எடுத்து வைச்சிட்டா. மாமியை எப்பிடிக் கழட்டி விட்டிட்டுப் போறதெண்டு ரெண்டு பேரும் இரவிரவா ஒருமிச்சிருந்து யோசிக்கிறம்.