நாய்க்கடியும் ஒன்பதாம் வகுப்பும்

பள்ளியின் பின்வாசலை ஒட்டிய மழைநீர்க் கால்வாயில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. காலை மணி அடிப்பதற்குச் சற்று முன்பு அந்த வழியாக வந்துகொண்டிருந்தேன். உறுமல் கேட்டுத் திரும்புவதற்குள் மெலிந்த பழுப்பு நிற நாய் ஒன்று கால்வாயிலிருந்து மேலேறி எதிரே நின்றது. காதுகள் பின்னோக்கிப் படிந்திருந்தன. வால் தாழ்ந்திருந்தது. மடி கனத்துத் தொங்கியது; அதைப் பார்த்ததும் குட்டிகள் அருகில்தான் இருக்கின்றன என்று புரிந்துவிட்டது. நான் ஓடவில்லை. அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் வேகமாக வாசலுக்குள் நுழைந்தது. மிரண்டுபோன நாய் பாய்ந்து என் இடது கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, வந்த வேகத்திலேயே கால்வாய்க்குள் இறங்கி மறைந்தது. பல் பதிந்த இடத்தில் இரண்டு புள்ளிகளாக இரத்தம் துளிர்த்தது.

நேராகக் குழாயடிக்குப் போனேன். முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல். பிள்ளைகள் செய்தி கேட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மாணவி சோப்பு எடுத்து வந்தாள். ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று சொன்னதும், ஒரு பையன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோப்பு எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்டான். நல்ல கேள்வி. ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று இருக்கிறது. அந்த உறையைச் சோப்பு சிதைத்துவிடும். நரம்பைத் தொடுவதற்கு முன்பே காயத்தில் இருக்கும் வைரஸை முடிந்தவரை அழித்துவிட வேண்டும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் அது மெதுவாக மூளையை நோக்கி நகரும். அந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட ஆகும். தடுப்பூசிக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

சோப்பு கொண்டுவந்த மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கடவுளிடம் வேண்டிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று பாட்டி சொல்வார்கள், டீச்சர். அது தப்பா?"

"வேண்டிக்கொண்டேதான் கழுவிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். காலை வழிபாட்டை முடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவள் நான். அந்தப் பெண்ணின் பாட்டியை வகுப்பில் வைத்துக் குறைசொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் அன்று கரும்பலகையில் நான் எழுதியது சோப்பையும் தண்ணீரையும் தடுப்பூசியையும்தான். எழுதிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். தோலைத் துளைத்த கடி என்பதால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். அதுவரை காவல் நிற்பதற்கு வெளியிலிருந்து செலுத்தும் எதிர்ப்பொருள் அது.

அடுத்த வகுப்பில் புனித ஹியூபர்ட்டின் சாவியைப் பற்றிச் சொன்னேன். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நாய்க்கடிக்கு இருந்த வைத்தியம் அது. இந்தப் புனிதரின் பெயரால் மந்திரித்த இரும்பு ஆணியையோ சாவியையோ பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் வைப்பார்கள். சிலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைப் பார்த்து ஊரே நம்பியது. ஏன் பிழைத்தார்கள் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொன்னேன். கடித்த நாய்க்கு ரேபிஸ் இல்லாமல் இருந்திருக்கலாம். ரேபிஸ் இருந்திருந்தாலும், கடிபட்ட எல்லோருக்கும் நோய் தொற்றுவதில்லை. உடனே சுட்டிருந்தால், சூடே காயத்திலிருந்த வைரஸைக் கொன்றிருக்கலாம். "அப்படியென்றால் மந்திரிக்காத இரும்பால் சிலருக்குச் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும்" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன். வகுப்பு அமைதியானது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை ஒப்பீட்டுச் சோதனையை வந்தடைந்த கணம் அது. இதற்காகத்தான் நான் ஆசிரியை ஆனேன்.

1885ஆம் ஆண்டு ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போடச் செய்தார். பாஸ்டர் கத்தோலிக்கர். ஆனால் தன் நம்பிக்கையைக் காட்டி அந்த ஊசியை ஏற்றுக்கொள்ளும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு முன் நாய்களுக்குப் போட்டுச் சோதித்திருந்தார். அந்தச் சோதனை முடிவுகளைத்தான் எடுத்துவைத்தார். இன்றும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். எதை நம்பிக் காயத்தைக் கழுவுவது என்பது பிள்ளைகளின் உயிரைத் தொடும் விஷயம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு சுற்றறிக்கை. பரிணாமப் பாடத்தைத் தொடங்கும் முன்பு, இது ஒரு கருத்து மட்டுமே, உயிர்கள் அனைத்தும் இன்றிருக்கும் வடிவிலேயே படைக்கப்பட்டன என்ற கருத்தும் உண்டு என ஒரு பத்தியை வகுப்பில் வாசிக்க வேண்டுமாம். இரு தரப்பையும் சொல்வதுதான் நியாயம் என்று காரணமும் கூறியிருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது.

இதே நியாயத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம் 2004இல் முன்வைத்தது. டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் இருக்கின்றன, உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி திட்டமிட்டு வடிவமைத்தது எனும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற மாற்று விளக்கமும் உண்டு என்ற அறிக்கையை ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு வாசிக்க வேண்டும் என்றது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் தரப்பில் முதலில் சாட்சி சொன்ன கென்னத் மில்லர் உயிரியல் பேராசிரியர், பாடநூலாசிரியர். கூடவே, கடைப்பிடித்து வாழும் கத்தோலிக்கர். வாரியத் தரப்பின் முக்கிய நிபுணரோ, அறிவியல் கோட்பாடு என்பதற்குத் தாம் தரும் விளக்கத்தின்படி சோதிடமும் அதில் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார்: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அரசுப் பள்ளியின் அறிவியல் வகுப்பில் அதற்கு இடமில்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர் அந்த நீதிபதி. வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் பத்து லட்சம் டாலருக்குமேல் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

பரிணாமத்தில் விவாதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது, அதைத்தான் வகுப்புக்குக் கொண்டுவர விரும்புகிறேன். என்னைக் கடித்த நாயையே எடுத்துக்கொள்வோம். அதன் மூதாதை ஒரு பழங்கால ஓநாய் இனம் என்பதில் ஐயமில்லை. எங்கே, எப்போது, எத்தனை முறை ஓநாய் நாயாயிற்று என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஜெர்மனியின் பான் நகரையொட்டிய ஓபர்காசலில், ஓர் ஆணோடும் பெண்ணோடும் சேர்த்துப் புதைக்கப்பட்ட ஒரு நாயின் எலும்புகள் 1914இல் கிடைத்தன. ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையானவை. அந்த நாய் குட்டியாக இருந்தபோது கடும் நோயில் கிடந்திருக்கிறது என்றும், மனிதர்கள் பராமரித்திருக்காவிட்டால் பிழைத்திருக்காது என்றும் அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அந்தப் பல்லின் படத்தை வகுப்பில் கையோடு கைமாற்றிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

1959இல் சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி ஆய்வும் அப்படித்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு குறைவாக மிரளும் நரிகளை மட்டுமே இனப்பெருக்கம் செய்ய விட்டார்கள். சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டால் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. பிறகு தொங்கும் காதும் வெள்ளைத் திட்டும் தோன்றியதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த நரிகளின் முன்னோர் ரோமத்துக்காக நரி வளர்க்கும் கனடாப் பண்ணைகளிலிருந்து வந்தவை, ஆய்வு தொடங்கும் முன்பே அவற்றில் சில தன்மைகள் இருந்தன என்று 2019இல் வேறு சிலர் மறுத்தார்கள். இரு தரப்பிடமும் சான்று இருக்கிறது. எந்தப் புதுச் சான்று வந்தால் எந்தத் தரப்பு தோற்கும் என்பதும் தெரியும். இந்த இரு தரப்பையும் சொல்லிக்கொடுக்க எனக்குச் சுற்றறிக்கை தேவையில்லை. எந்தச் சான்று வந்தாலும் தோற்கவே முடியாத ஒன்றை இதற்கு அருகில் வைத்துச் சமன் என்றால், பிள்ளைகள் எதை எப்படிச் சோதிப்பார்கள்?

இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியம். என் கடவுளை அறிவியலின் இடைவெளியில் கொண்டுபோய் உட்கார வைக்க எனக்குச் சம்மதமில்லை. நாளை அந்த இடைவெளியை ஒரு புதைபடிவம் நிரப்பிவிட்டால், வகுப்பில் நம்பி உட்கார்ந்திருந்த குழந்தையின் பக்திக்கு என்ன பதில் சொல்வது? பிரபஞ்சம் விரிகிறது, அதற்கு ஒரு தொடக்கப் புள்ளி இருந்தது என்று முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமெத்ர். அவர் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசியபோது, லெமெத்ருக்கு அதில் உடன்பாடில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை மற்ற எல்லா விஞ்ஞானிகள் மேலும் உள்ளதைவிட ஒரு படி அதிகம்.

சமயத்தைப் பள்ளியில் பேசவே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. வரலாற்று வகுப்பிலும் இலக்கிய வகுப்பிலும் தாராளமாகப் பேசட்டும். எல்லாச் சமயங்களையும் பேசட்டும். உயிரியல் வகுப்பில் வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பத்தியை வாசிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். ஹியூபர்ட்டின் சாவி, டோவர் வழக்கு இரண்டையும் கடிதத்தில் விளக்கியிருக்கிறேன். நிர்வாகக் குழு எழுத்து மூலமாகவே பதில் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அவர் கடிதத்தை முழுவதும் படித்தார். பாடம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். திங்கட்கிழமை, இரண்டாம் பாடவேளை என்றேன். தானும் வந்து உட்காரலாமா என்று கேட்டார். வாருங்கள் சார் என்றேன்.