குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு நார்க்களம்

போன ஆடியில் குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், நாற்பது கொண்டை ஊசி வளைவு. பல தடவை ஏறி இறங்கிய ரோடுதான். ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வளைவிலேயே முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

வண்டி 2018 ஹூண்டாய் கிரெட்டா, டீசல். உள்ளே ஐந்து பேர், அதில் இரண்டு பேர் தலை நனைந்தவர்கள். ஆவி படிவது சகஜம்தான் என்று ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றுச் சுழற்சியை அணைத்து வெளிக்காற்று வைத்தேன். தெளியவில்லை. காற்றை ஊதும் விசிறியை, அதாவது பிளோயரை, கடைசி எண் வரை கூட்டினேன். சத்தம் மட்டும் மாவு மில் மாதிரி வந்தது. கையை வைத்துப் பார்த்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகிற அளவுக்குத்தான் காற்று. வீட்டுக்காரம்மா துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே வர, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்டில் வண்டியை ஓரம் கட்டினேன். அங்கே நின்றால் ஆழியாறு அணை தெரியும் என்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. மீதி முப்பத்தொரு வளைவையும் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டேதான் ஏறினோம்.

திரும்பி வந்ததும் வழக்கமாக விடும் சர்வீஸ் இடத்துக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஏசியில் குளிர்விக்கும் கேஸ் குறைந்திருக்கும், கூலிங் காயிலையும் கழுவ வேண்டும் என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிப்பது என்றால் எனக்கு உடுமலை ரோட்டில் இருக்கிற மெக்கானிக் அண்ணன்தான்.

அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துவந்து, டேஷ்போர்டின் நடுவில் காற்று வரும் வென்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடித்தார். பிளோயர் நாலில் ஓடுகிறது. பேப்பர் லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

“ஏனுங் தம்பி, கேஸ் கம்மின்னா காத்து வரும், குளிராது. உங்களுக்குக் காத்தே வரலையே. இதுக்கு எதுக்குங்க கேஸ்?”

“காயில்ல ஐஸ் பிடிச்சிருந்தா, அண்ணா?”

“அதுன்னா மொதல்ல நல்லா வந்து, அரை மணி நேரம் ஓடுன பொறகு கொறையும். உங்களுக்கு எடுத்த எடுப்புலயே இப்படியா?”

ஆமாம், எடுத்த எடுப்பிலேயே இப்படித்தான். இந்த ஒரு கேள்விதான் எனக்கு 4,800 ரூபாயை மிச்சப்படுத்தியது. காற்று வருகிறது, குளிரவில்லை என்றால் சந்தேகம் கேஸ், கம்ப்ரஸர் பக்கம் போகும். குளிர்கிறது, ஆனால் காற்று வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். நம் ஊரில் பெரும்பாலும் ஏசி ஃபில்டர் என்றே சொல்கிறார்கள்.

குளோவ் பாக்ஸைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த மூடியை எடுத்து, ஃபில்டரை இழுத்தார். அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பழைய பாய்த்துண்டு வருவது மாதிரி வந்தது. மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய வெள்ளைத் துணி. மடிப்பே தெரியவில்லை. இடுக்கெல்லாம் செம்பழுப்பில் நார்த்தூள் அடைத்து, ஈரம் பட்டு, வறட்டி மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. மேலே வேப்பிலைக் காம்புகள், காய்ந்த வேப்பம்பூ, ஒரு மூலையில் நிலக்கடலைத் தோல். கடலைத் தோல் எப்படி வந்தது என்று கேட்டேன். “எலி வாங்கிட்டு வந்திருக்கும்” என்றார். தரையில் ஒரு தட்டு தட்டினார். விழுந்த தூளைக் கூட்டி அள்ளினால் ஒரு பூத்தொட்டிக்குப் போதும்.

பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் நார் மில். தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்த பிறகு மிஞ்சும் தூளைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அதைக் கிளப்பிவிட்டால், மொட்டைமாடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் காவி வேட்டி ஆகிவிடும். வேட்டியை உதறுகிறோம், தொட்டித் தண்ணீரை மூடி வைக்கிறோம். வண்டி மூக்கை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

வைப்பர் இருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு கறுப்பு ஜாலி இருக்கிறதல்லவா, வெளிக்காற்று அது வழியாகத்தான் உள்ளே போகிறது. முதலில் ஃபில்டர், அதற்கடுத்து பிளோயர், பிறகு கூலிங் காயில், கடைசியில் வென்ட். உள்காற்றுச் சுழற்சி போட்டாலும் காற்று இதே ஃபில்டரைத் தாண்டித்தான் போகிறது. நான் எந்நேரமும் உள்காற்றில்தான் ஓட்டுவேன், அதனால் ஃபில்டர் அழுக்காகாது என்று நினைத்திருந்தது தப்பு.

இதில் என் பாவமும் ஒன்று உண்டு. முந்தின வருடம் பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று பிடிக்கும்போது, இதே ஃபில்டரை எடுத்து அதே பைப்பால் ஊதி, திரும்ப மாட்டியிருந்தேன். காசு மிச்சம் என்று பெருமை வேறு. அந்த அழுத்தத்தில் ஊதினால் பெரிய குப்பை போகும், பொடித்தூசி இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், துணியும் அங்கங்கே பிய்ந்துவிடும் என்று அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி குத்தினது மாதிரி நாலைந்து ஓட்டை. தண்ணீரில் கழுவலாமே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஆகாது. இந்தத் துணி வெறும் சல்லடை இல்லை, அதன் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருக்கும், நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிப்பது அதுதான். கழுவினால் அந்தச் சக்தி போய்விடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது.

சரி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கேதான் அடுத்த கூத்து.

டவுனில் ஒரு உதிரிபாகக் கடையில் “கிரெட்டாவுக்கு ஏசி ஃபில்டர்” என்று கேட்டேன். எந்த வருடம் என்றுகூடக் கேட்காமல் ஒன்றை எடுத்துப் போட்டார்கள், 250 ரூபாய். வீட்டுக்கு வந்து மாட்டினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆகா, எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சரியான ஃபில்டர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, ஓரம் உரசித்தான் உள்ளே போகும்.

காற்று பிரமாதமாக வந்தது. ஆனால் பத்து நாளில் டேஷ்போர்டின் மேல் மெல்லிசாகப் பழுப்புத் தூள். துடைத்தால் மறுநாள் திரும்ப வந்துவிடும். மறுபடி கழற்றினேன். ஃபில்டர் வெள்ளையாகவே இருந்தது, அதன் ஒரு ஓரமாக மட்டும் கோடு போட்டது மாதிரி நார்த்தூள். ஸ்கேல் வைத்து அளந்தேன், நாலு மில்லிமீட்டர் இடைவெளி. காற்று என்ன, நம்மைப் போலத்தான், கதவு திறந்திருந்தால் சுவரை முட்டிக்கொண்டா போகும்? பிளோயர் இழுத்த காற்றில் பெரும்பங்கு அந்தச் சந்து வழியாகத் தூசியோடு போயிருக்கிறது. காற்று அவ்வளவு நன்றாக வந்ததன் ரகசியமும் அதுதான்.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், “ஓரத்துல கொஞ்சம் ஸ்பான்ஜ் ஒட்டிக்குங்க சார்” என்றார்கள். நான் எடுத்து வரவேண்டியது ஸ்பான்ஜ் இல்லை, பழைய ஃபில்டரை. நல்லவேளை, அம்மா அதைத் தூக்கிப் போடாமல் தொழுவத்துப் பக்கம் வைத்திருந்தார். அதன் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் 97133 என்று தொடங்கும் பார்ட் நம்பர் இருந்தது. கிரெட்டா முதல் தலைமுறை வந்தது 2015-ல், இரண்டாம் தலைமுறை 2020-ல். பெயர் ஒன்றுதான், வண்டி வேறு. “கிரெட்டாவுக்குக் கொடுங்கள்” என்று கேட்பது “மாமா பையனைக் கூப்பிடுங்கள்” என்பது போல. எந்த மாமா, எந்தப் பையன்? அதனால் இப்போது எண்ணைச் சொல்லித்தான் வாங்குகிறேன், வாங்கினதும் பழையதன்மேல் வைத்து நீள அகலம் மட்டுமல்ல, தடிமனும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன்.

எண் கிடைத்ததும் அடுத்த கேள்வி, எந்த வகை? சாதாரணத் தூசி ஃபில்டர் அப்போது 280 ரூபாய் சொன்னார்கள். கார்பன் போட்டது 520. அது சாம்பல் நிறமாக இருக்கும். துணி அடுக்குகளுக்கு நடுவே கரித்துகள் வைத்திருப்பார்கள். தூசியைப் பிடிப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வாசனை, லாரிப் புகை இதற்குத்தான் கரி. எங்கள் வழியில் மட்டை ஊறவைக்கும் குட்டைகள் இருக்கின்றன, அந்த வாடை தெரிந்தவர்களுக்குத் தெரியும். கிணத்துக்கடவு ரோட்டில் தினமும் லாரிக்குப் பின்னால் போகிறவன் நான். அதனால் கார்பன் வாங்கினேன். வாடை இல்லாத ஊரில் வெறும் தூசிதான் தொந்தரவு என்றால், சாதாரணத்தையே வாங்கி அடிக்கடி மாற்றுவது மேல். கரியும் நிரம்பிவிட்டால் அப்புறம் அது சாம்பல் நிறத் துணி மட்டும்தான். இன்னொன்று, இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை இந்தக் கரி பிடிக்காது. கார்பன் ஃபில்டர் போட்டிருக்கிறோமே என்று மூடின ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்காரக் கூடாது.

மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ‘ஹெப்பா’ வகை என்று பளபளப்பான பெட்டியில் ஒன்றும் காட்டினார்கள், 900 ரூபாய். பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எந்தத் தரத்தின்படி, எத்தனை சதவீதம் தூசியைப் பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. அவ்வளவு நெருக்கமான துணியாகவே இருந்தாலும் நார்த்தூள் பறக்கும் ஊரில் அது ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். டெல்லிப் பனிக்காலப் புகையில் ஓட்டுகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. இன்ஜின், பிளோயர் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். இடப்பக்கக் கதவைத் திறந்து மண்டி போட்டால்தான் கை எட்டும். குளோவ் பாக்ஸைக் காலி செய்து திறந்து, உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரைத் திருகி எடுத்து, ஒரு பக்கம் பிடித்திருக்கும் சின்னத் தண்டையும் விடுவித்தால் பெட்டி முழுசாகக் கீழே தொங்கும். நேர் எதிரே நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் ஓரத்துப் பூட்டை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். அமுக்காமல் இழுத்தால் அந்தப் பல் உடைந்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், இப்போது அங்கே ஒரு துண்டு டேப் இருக்கிறது.

பழையதை எடுக்கும்போது சாய்க்காமல் நேராக இழுக்க வேண்டும். மேலே கிடக்கும் இலை, காம்பு கீழே விழுந்தால் நேராக பிளோயர் சக்கரத்துக்குள் போய் டகடகவென்று சத்தம் போடும். நான் டார்ச் அடித்து, வாக்வம் குழாயை விட்டு உறிஞ்சிய பிறகுதான் புதியதை வைத்தேன். விளிம்பில் அம்புக்குறி இருக்கும், இந்த வண்டியில் அது கீழே பார்க்க வேண்டும், காற்று போகிற திசை அது. வேறு வண்டியில் திசை மாறலாம், பழையது எப்படி இருந்தது என்று கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் போதும். இந்தத் தடவை ஃபில்டர் உரசிக்கொண்டு போனது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியே வைப்பருக்குக் கீழ் இருந்த வேப்பஞ்சருகையும் அள்ளிப் போட்டேன், வண்டி நிற்கும் இடத்தையும் மரத்தடியிலிருந்து தள்ளி மாற்றினேன். எலிக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

டிஷ்யூ பேப்பரை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் எண்ணிலேயே படபடவென்று அடித்தது. கேஸ் போடவில்லை, காயில் கழுவவில்லை, குளிர் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் இப்போது ஃபில்டர் விளிம்பில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுகிறேன். அடுத்தது ஆறு மாதத்தில், 7,000 ஓடியபோது திறந்து பார்த்தேன். பாதி மடிப்பு ஏற்கெனவே காவி. எங்கள் ஊருக்கு அதுதான் கணக்கு.

இதையெல்லாம் பக்கத்து நார் மில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் இதே வண்டிதான், செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. “என்னுதுல காத்து சும்மா பிச்சுக்கிட்டு அடிக்குதுங்க, ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லை” என்று சிரித்தார். எனக்கு அந்த நாலு மில்லிமீட்டர் ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் இருங்க என்று குளோவ் பாக்ஸை இறக்கி, மூடியை அமுக்கி இழுத்து, டார்ச் அடித்தேன்.

உள்ளே ஃபில்டரே இல்லை. பிளோயர் சக்கரம் முழுக்க நார்த்தூள் பூசி, கம்பளிப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. மில்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அந்த நம்பரைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க” என்றார்.