அம்மாவின் வலது கையும் ஒரு கொட்டானும்

பக்கவாதம் வந்து போன பிறகு அம்மாவின் வலது கை மடங்கியே இருந்தது. ஒன்றைப் பிடித்துவிடுவார், விடத்தான் வராது. காரைக்குடியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர்) பிசையச் சொல்லி ஒரு மாவுருண்டையைக் கொடுத்தார். "இதென்ன சின்னப்புள்ள வெளயாட்டு" என்று அம்மா தள்ளி வைத்துவிட்டார்.

அடுத்த முறை தெரபிஸ்ட், "ஆச்சி, முன்னெல்லாம் கையால என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டார். கொட்டான் முடைவேன் என்றார் அம்மா. கொட்டான் என்றால் ஓலைக் கூடை. சீர் வைக்கப் பனையோலைக் கொட்டான் முடைவது எங்கள் பக்கம் பழைய வழக்கம். இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. தெரபிஸ்டுக்கு ஒரே சந்தோஷம். 1917இல் அமெரிக்காவில் இந்தத் துறைக்குச் சங்கம் தொடங்கியபோது கூடை முடைவதும் நெசவும்கூடச் சிகிச்சையாக இருந்ததாம்.

ஆனால் ஒரு கையால் எப்படி முடைவது? ஆசாரியிடம் ஒரு பலகை செய்யச் சொன்னோம். ஓலை நகராமல் பிடிக்க ஓரத்தில் கிளிப்புகள், பலகை வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப். ஓலையை அகலமாகக் கிழித்து ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். காய்ந்த ஓலையின் விளிம்பு அறுத்துவிடும். உணர்ச்சி குறைந்த விரலுக்கு அது தெரியவே தெரியாது. முடைந்து எழுந்ததும் காயம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் வலது கைக்கு ஓலை மேல் கனமாகக் கிடப்பதுதான் வேலை. இடது கை பின்னும். அப்புறம் மெல்ல வலது கையும் ஓலையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தது. முடைவதில் எடுத்த ஓலையை விட்டால்தான் அடுத்ததை எடுக்க முடியும். உருண்டையைப் பிசைந்தால் அந்த 'விடுவது' எங்கே வரும்? எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது. பழைய நேர்த்தியெல்லாம் இல்லை, முதல் கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. அம்மாவே அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், இடது கையால்.

சாப்பாட்டுக்குக் கடையில் விளிம்பு உயர்ந்த தட்டு தேடினேன். வீட்டிலேயே வட்டில் இருந்தது! அதன் விளிம்பில் சோற்றை ஒதுக்கி வலது கையாலேயே எடுத்துவிடுகிறார். கரண்டிக் காம்பிலும் டியூப் சுற்றித் தடிமனாக்கினோம், ரசத்துக்கு மட்டும்.

ஜாக்கெட் கொக்கிதான் இன்னும் வரவில்லை. டெய்லரிடம் கொடுத்து வெல்க்ரோ தைத்து வாங்கினோம். பிரிக்கும்போது வரும் சர்ரென்ற சத்தம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, துணி கிழிகிற மாதிரி இருக்கிறதாம். வேறு வழி தேடுகிறோம்.